பாட்டிலில் ஒட்டிய தாள்

மார்ச் 3, செவ்வாய்

முட்டி வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முப்பத்து நான்கு வயது கோல்கீப்பருக்கு மே மாதம் ஒப்பந்தம் முடிகிறது. கோச் இன்று சொன்னார்: “ஃபைனலுக்குப் போனா ஒரு வருஷம் நீட்டச் சொல்றேன். இல்லேன்னா என் பேச்சு எடுபடாதுப்பா.”

ஆட்டத்துக்கு முன் நான் கையுறைகளைத் திட்டும் வீடியோவை எட்டு லட்சம் பேர் பார்க்கிறார்கள். மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். “கோல்கீப்பரக் கட்டிக்கிட்டேன்னு நெனச்சேன். கோமாளியயா கட்டிக்கிட்டேன்?”

மார்ச் 13, வெள்ளி

நாளை அரையிறுதி. எதிரணியில் யார் பெனால்ட்டியை எந்தப் பக்கம் அடிப்பான் என்று எழுதி, தாளைத் தண்ணீர் பாட்டிலில் ஒட்டியாயிற்று. மூன்று வாரம் பழைய ஆட்டங்களைப் பார்த்து எடுத்த குறிப்பு. பத்து வருடப் பழக்கம்.

விளம்பரப் பிரிவுப் பெண் வந்தாள். “அண்ணே, ரெண்டே நிமிஷம், கையுறையத் திட்டுங்கண்ணே.” உடைமாற்றும் அறையிலேயே திட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

மார்ச் 14, சனி

ஒன்றுக்கு ஒன்று. பெனால்ட்டியில் தோற்றோம். ஐந்து பேர். ஐந்து பேரும் தாளில் இருந்ததற்கு நேர் எதிர்ப்பக்கம் அடித்தார்கள். ஐந்துமா? எப்படி?

மார்ச் 15, ஞாயிறு

மச்சான் போன் செய்தான். “மாமா, முந்தாநேத்து வீடியோவ நிறுத்திப் பாருங்க. உங்க தோளுக்குப் பின்னாடி.”

பார்த்தேன். பெஞ்சின் மேல் பாட்டில். பெரிதாக்கினால் என் கையெழுத்து முத்து முத்தாகத் தெரிகிறது.

யாரைச் சொல்ல? அந்தப் பெண் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள். பாட்டிலை அங்கே வைத்தது அவளா? நான்தானே. ஐயோ, நானே என் தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டேனே — கோச்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?

மார்ச் 16, திங்கள்

சொல்ல வேண்டிய வேலையே இல்லை. ஊருக்கே தெரிந்துவிட்டது. கோச் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 2, வியாழன்

அந்த வீடியோவுக்கு இப்போது பதினாறு லட்சம் பேர்.

மே 19, செவ்வாய்

கிளப் மேலாளர் காபி கொடுத்து உட்காரவைத்தார். ஒப்பந்தம் உண்டாம். விளையாட அல்ல, வீடியோவுக்கு. “உங்கள விட்டா வேற யாரு சார் இருக்கா?” வீட்டில் கேட்டேன். “உனக்கு எது சரின்னு படுதோ செய்” என்றாள். கேலி செய்யவில்லை. அதுதான் வலித்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 8, சனி

சீசனின் முதல் ஆட்டம். இரண்டாவது கீப்பராக இருந்தவன் இன்று முதல் கீப்பர். அவனுக்கான தாளை நான்தான் எழுதி ஒட்டினேன். வீடியோ எடுக்கப் போன் உயர்ந்ததும் பாட்டிலைத் துண்டால் மூடினேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆரம்பிங்கண்ணே.”

புதுக் கையுறைகள். ஒரு பந்துகூடப் படாதவை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். திட்ட வாய் வரவில்லை. அவை என்ன செய்தன, பாவம்.