மூன்றாவது ஓலை வாசிக்கும் முன்

என் உயிரான செசிலி அப்பாவுக்கு,

உங்கள் ஞானம் பயந்துபோய் எழுதுகிறேன். நீங்கள் போய் எட்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் சுவரில் மாட்டியிருக்கும் உங்கள் படத்தோடு எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன். பயந்து எழுதுவது இதுதான் முதல் தடவை. நாலு பேர் படித்தாலும் பரவாயில்லை. ஊருக்கே தெரிந்துபோன விஷயத்தில் ஒளிக்க என்ன இருக்கிறது?

முதலில் வீட்டுச் செய்தி. நம் செசிலிக்கு இருபது வயது. உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம். எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, கன்னியர் மடத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித் தருகிறாள். நான் இன்னும் அதே மெஷினில்தான் ரவிக்கை தைக்கிறேன், மிதித்தால் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. கோயில் பூசை இப்போது லத்தீன் போய்த் தமிழில் நடக்கிறது, தெரியுமா? முன்பெல்லாம் சாமியாரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நாம் பாட்டுக்குச் செபமாலை உருட்டுவோம். இப்போது அவர் நம்மைப் பார்த்து நிற்கிறார். எனக்கு ஒளிய இடமில்லை.

கொஞ்ச மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், அரிசி களைந்துகொண்டிருந்தேன். செசிலி பக்கத்தில் வந்து நின்று, "அம்மா, நான் கன்னியாஸ்திரியா மடத்துக்குப் போகலாமான்னு இருக்கேன்" என்றாள். தண்ணீரோடு அரிசியும் போய்விட்டது. அதே வாரம் உங்கள் தங்கை சிவகங்கையிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தாள். பையன் பெயர் அருளானந்து, ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஒரு குறை சொல்ல முடியாத பையன். செசிலி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"அப்பா எப்படிக் கேப்பாக? அப்படியே நாமளும் கேப்போம்மா" என்றாள்.

நீங்கள் எப்படிக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? ஒன்பது நாள் செபம். பத்தாம் நாள் மாதா சுரூபத்தின் காலடியில் ஒரு கிண்ணத்தில், ஆளுக்கொரு பதில் எழுதி மடித்த இரண்டு திருவுளச் சீட்டு. சிலுவை போட்டுக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எடுக்காத சீட்டைப் பிரித்துப் பார்த்தால் ஆண்டவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும் என்று, அதை அப்படியே அடுப்பில் போட்டுவிடுவீர்கள். பினாங்குக்கு வரச் சொல்லி உங்கள் சிநேகிதர் எழுதியபோதும் அப்படித்தான். பாஸ்போர்ட்டே கைக்கு வந்தாகிவிட்டது. சீட்டில் "வேண்டாம்" என்று வந்தது. மறுநாள் காலை எதுவும் நடக்காதது போல அதே கம்பவுண்டர் வேலைக்குச் சைக்கிளை எடுத்தீர்கள்.

"இன்னொரு தடவ எடுத்துப் பாருங்களேன்" என்றேன்.

"ஞானம், அவருகிட்டப் போயி கேட்டது நாமதான? புடிக்கலன்னு திருப்பிக் கேக்கலாமா?" என்றீர்கள். நான் இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை.

செசிலிக்காக நாங்கள் செபம் சொன்ன ஒன்பது நாளில் ஒரு நாள், கண்டனூர்ப் பெரிய வீட்டு ஆச்சிக்கு ரவிக்கை கொடுக்கப் போனேன். கல்யாணம், திருவிழா என்றால்தான் அந்த வீட்டில் ஆள் நடமாட்டம். மற்ற நாளில் ஆச்சி ஒருத்தர் மட்டும். முகப்பில் நின்று கூப்பிட்டால் அவர் உள்ளேயிருந்து வந்து சேரவே நேரமாகிவிடும். ரவிக்கையை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "செத்த இருந்துட்டுப் போ ஞானம். மனுசப் பேச்சுக் கேட்டு நாலு நாளாச்சு" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த ஆச்சிக்காவது கல்யாணத்துக்கு வர ஆள் உண்டு. மடத்துக்குப் போன பிள்ளை எந்த நல்ல நாளுக்கு வீட்டுக்கு வரும்? நமக்கு இருப்பது ஒன்றரை அறை. அந்த ஒன்றரை அறையில் நான் மட்டும்.

பத்தாம் நாள் காலை செசிலி குளிக்கப் போயிருந்தாள். சீட்டு எழுதுவது என் வேலை. ஒன்றில் "கல்யாணம்" என்று எழுதினேன். அடுத்ததில் "மடம்" என்று எழுத முதல் எழுத்தைப் போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. அந்தத் துண்டைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு துண்டு கிழித்தேன். அதிலும் "கல்யாணம்" என்றே எழுதினேன். எடுக்காத சீட்டை யாரும் பார்க்கப்போவதில்லை. அந்தச் சட்டம் போட்டது நீங்கள்தான். உங்கள் பக்தி என் களவுக்கு உதவியது, கேட்டீர்களா?

அவள் எடுத்தாள், பிரித்தாள், வெகுநேரம் பார்த்தாள். பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். பிறகு மாதாவின் காலை முத்தமிட்டுவிட்டு, "சரிம்மா, அவரு சொல்லிட்டாரு" என்றாள். மற்றதை நான் அடுப்பில் போட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கல்யாணம் பேசி முடித்தோம். கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டுமே, முதல் ஞாயிறு கோயிலில் வாசித்தார்கள். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், காலஞ்சென்ற என்று சேர்த்து உங்கள் பெயர். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் முடித்தார். எத்தனை கல்யாணத்துக்கு அதைக் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டிருப்பேன்! அன்றைக்கு அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன். பூசையில் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள், நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். இதை மனதில் வைத்துக்கொண்டு எப்படிப் போய் நாக்கை நீட்டுவேன்? இரண்டாவது ஞாயிறும் அப்படியே ஆயிற்று.

"ஏம்மா, ரெண்டு வாரமா நன்மை வாங்கல நீங்க?" என்று வழியில் செசிலி கேட்டாள்.

"மயக்கமா வந்துச்சு" என்றேன். அவள் நம்பவில்லை.

அந்த வாரம் நான் பட்ட பயத்தை என்னவென்று சொல்ல? இடி இடித்தால் எனக்காகத்தான் என்று நினைத்தேன். அவள் இரண்டு தடவை இருமினால், நான் கொடுக்காததை ஆண்டவரே எடுத்துக்கொள்ளப் போகிறாரோ என்று பதறினேன். நாளைக்கு அவள் குடும்பத்தில் ஒரு கஷ்டம் வந்தால், "நீர் சொல்லித்தான வந்தேன்" என்று ஆண்டவரைத்தானே நோவாள்? என் பழியை அவர் சுமப்பாரே. மெஷினில் ஊசி என் விரலில் ஏறியது. அப்போதும் வலியைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை காலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போட்டேன். பங்குச் சாமியார் முழுக்கக் கேட்டார்.

"சீட்டுப் போட்டதுகூடப் பெரிய குத்தமில்லம்மா. கேட்டுட்டு, ஆண்டவரப் பேசவிடாமப் பண்ணிட்டீகளே" என்றார். "பிள்ளைகிட்டச் சொல்லுங்க."

"சாமி, நீங்களே நாளைக்கு மூணாவது ஓலைய வாசிக்காம விட்டுருங்களேன்."

"இங்க கேட்டத வச்சு வெளிய நான் ஒரு துரும்பையும் நகத்தக் கூடாது. நீங்க சொல்லலைன்னா நாளைக்கு வாசிப்பேன்" என்றார்.

வரும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தேன். வீட்டில் செசிலி தன் கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. சீட்டில் களவு செய்ததைச் சொல்லிவிட்டேன்.

"இன்னொரு சீட்டுல?" என்றாள்.

"அதுலயும் அதேதான் எழுதுனேன்."

ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஏம்மா?"

"பயந்தேன்டி. நீ போயிட்டா ஒத்தையில கெடப்பேனேன்னு பயந்தேன்."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நானும் பயந்தேன்மா. ஒங்கள விட்டுட்டுப் போகத் தைரியமில்ல. ஒம்பது நாளும் கல்யாணம்னு வரட்டும், கல்யாணம்னு வரட்டும்னுதான் வேண்டுனேன். அப்படியே வந்துச்சு. ஆனா சந்தோசமே இல்ல, அழுகைதான் வந்துச்சு. ஏன்னு எனக்கே தெரியல."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அப்ப ஆண்டவரு இன்னும் ஒண்ணுமே சொல்லலையாம்மா?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது நாள் மெழுகுவர்த்தி ஏற்றி, முழங்கால் போட்டு, நாங்கள் இரண்டு பேரும் அவரிடம் எதையும் கேட்கவே இல்லை. பதிலை நாங்களே எழுதி வைத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கத்தான் அவரிடம் போயிருக்கிறோம்.

அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "வாங்க, போவோம்" என்றாள். சாயங்காலமே சாமியார் வீட்டுக்குப் போய், ஓலையை நிறுத்தும்படி அவளே கேட்டுக்கொண்டாள். மறுநாள் கோயிலில் ஓலை இல்லை. பின்னால் ஒரே குசுகுசுப்பு. திங்கட்கிழமை மாப்பிள்ளையின் அம்மா பஸ் பிடித்து வந்துவிட்டார்.

"எம் புள்ளைக்கு என்ன கொறை கண்டீக?" என்று வாசலிலேயே கேட்டார்.

"ஒங்க புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல. கொறையெல்லாம் என்கிட்டத்தான்" என்று நடந்ததைச் சொன்னேன். காப்பியைத் தொடாமல் கேட்டார். பதினைந்து நாள்தான் பொறுப்போம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். படி இறங்கும்போது நின்று, "அருளானந்துதான் கெளம்பும்போதே சொன்னான், பொண்ணு மனச நல்லாக் கேட்டுட்டே அவுக சொல்லட்டும்னு. இல்லன்னா நான் பொறுக்கிறவ இல்ல" என்றார். அந்தப் பையனை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுபடி ஒன்பது நாள் ஆரம்பித்திருக்கிறோம். "சீட்டு வேண்டாம்மா. சும்மா அவரு முன்னாடி உக்காருவோம்" என்கிறாள் செசிலி. இன்று ஆறாம் நாள். அவள் கண்ணை மூடி அசையாமல் இருக்கிறாள். என்னால் முடியவில்லை. "உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக" என்று சொல்ல வாய் ஆரம்பிக்கிறது, அது முடிவதற்குள் "ஆனா அவள அனுப்பிராதீரும்" என்று உள்ளே ஒன்று முந்திக்கொள்கிறது. விவரம் தெரிந்த நாளிலிருந்து தினமும் சொல்லும் செபத்தில் இவ்வளவு பயங்கரமான வார்த்தை இருப்பது எனக்குத் தெரியாமலே போயிற்றே. இதை எப்படி நீங்கள் பயப்படாமல் சொன்னீர்கள்? இல்லை, பயந்துகொண்டே சொன்னீர்களா? என்னிடம் ஏன் ஒரு நாள்கூடச் சொல்லவில்லை?

இன்று காலை செபம் முடிந்து எழுந்தபோது அவள் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. எந்தப் பக்கத்துத் தெளிவு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் எந்தப் பதிலோடு வந்தாலும் நான் அழுவேன், அதை என்னால் தடுக்க முடியாது. ஆனால் அவள் தகரப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு கூடப் போவேன். மடத்து வாசலோ, மாமியார் வீட்டு வாசலோ, அவள் உள்ளே போகும்வரை நின்று பார்ப்பேன். பிறகு நானே பஸ் ஏறி, நானே பூட்டைத் திறந்து நம் வீட்டுக்குள் போவேன். பயந்துகொண்டேதான் போவேன். ஆனால் போய்விடுவேன்.

அவளைப் பெற்றவள்,
உங்களுக்கு வாழ்க்கைப்பட்டவள்,
ஞானம்மாள்