அப்பா தேதி எழுதிய தாள்

நாசரேத்
6.3.2025

கர்த்தருக்குள் பிரியமான பிளாரன்ஸ் அக்காவுக்கு, தங்கை ஈவா எழுதுவது.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் தபாலில் எழுதுகிறேன். ரெனிஷுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. ஓடித் திரிந்த பிள்ளைக்கு இப்போது தலைகூட நிற்கவில்லை. படுக்கப் போட்டு ஊட்டினால் பாதி வெளியே வந்துவிடுகிறது.

நீ வேலை பார்த்த கிளினிக், நான் போட்ட கேஸைப் பேசி முடிக்க வந்திருக்கிறது. தடுப்பூசி போட்ட அன்றே வலிப்பு வந்தது என்று காட்ட வேண்டுமாம். ஊசி அட்டை வெள்ளத்தில் போய்விட்டது. அப்பா தன் வேதாகமத்தின் முன்தாளில் எல்லாத் தேதியும் எழுதுவாரே, அவர் இறந்த பிறகு அது உன்னிடம்தானே இருக்கிறது? அனுப்பி வை. வக்கீல் தேவபிரசாதம் கேட்கிறார்.

ஊசி போட்டது நீ. கேஸில் வேறு யார் பெயரை எழுத? கோபத்தை விடு அக்கா.

உன் ஈவா


முத்தையாபுரம்
14.3.2025

ஈவாவுக்கு,

வேதாகமத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கட்டும்போது முன்தாளைப் படித்தேன். நீயும் படி.

'18.8.2023. ரெனிஷுக்குத் தடுப்பூசி. பிளாரன்ஸ் போட்டாள். சாயங்காலம் வலிப்பு.' சரிதான். அதற்கு மேல் வரி: '14.8.2023. ரெனிஷுக்கு வலிப்பு. ஜெபித்தோம், நின்றது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறாள் ஈவா.'

அடிப்பாவி, நாலு நாள் முந்தியா! ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டேனே, "ஏளா, பிள்ளைக்குக் காய்ச்சல், வலிப்பு ஏதும் வந்துச்சா?" என்று. "ஒண்ணும் இல்லக்கா, நல்லாத்தான் இருக்கான்" என்றாயே. சொல்லியிருந்தால் டாக்டரிடம் காட்டாமல் தொட்டிருப்பேனா? விசாரிக்காமல் போட்டேன் என்று என்னை வேலையை விட்டு நீக்கினார்கள். வேறு எந்த ஆஸ்பத்திரியும் வேலைக்குச் சேர்க்கவில்லை. இறால் கம்பெனியில் ஐஸ் தண்ணீரில் கை மரத்துப்போக இறால் உரிக்கிறேன்.

ஊசியால் வந்ததா, முந்தியே இருந்ததா, எனக்குத் தெரியாது. நான் கேட்டேன் என்பது தெரியும். அந்தத் தாளை வக்கீலிடம் காட்டு. நான் போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. உன்னை நம்பி அனுப்புகிறேன்.

பிளாரன்ஸ்


நாசரேத்
2.5.2025

அன்புள்ள அக்கா,

சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கிளினிக்காரர்கள் பணம் தருகிறார்கள், ஆனால் ஊசிதான் காரணம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. விசாரிக்காமல் போட்டது நர்ஸின் சொந்தத் தவறு என்று ஒரு வரி இருக்கிறது. அது இல்லாமல் முடிக்க மாட்டோம் என்றார்கள்.

வேதாகமத்தை வக்கீலிடம் காட்டவில்லை. தேதிக்குக் கிளினிக் ரிஜிஸ்டரே போதும் என்றாகிவிட்டது.

மாமியார் வீட்டில் வலிப்புக்காரப் பிள்ளை என்று ஒதுக்குவார்களோ என்று பயந்துதான் அன்றைக்கு மறைத்தேன். இன்றைக்கும் பயம்தான். நான் செத்துப்போனால் இவனை யார் பார்ப்பார்கள்? உனக்குப் பிள்ளை இருந்தால் தெரியும்.

வேதாகமத்தை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஈவா


முத்தையாபுரம்
11.5.2025

ஈவா,

வேதாகமம் வந்தது. முன்தாளை பிளேடு வைத்துப் பிசிறில்லாமல் வெட்டியிருக்கிறாய். ஒரு வரிக்காகத்தான் வெட்டியிருப்பாய். நாம் இரண்டு பேரும் பிறந்ததை அப்பா எழுதியதும் அதே தாளில்தான். அம்மா இறந்த நாள், ரெனிஷின் ஞானஸ்நானம் எல்லாம் அதோடு போய்விட்டது.

நீ செத்துப்போனால் அவனை யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருந்தாய். நான் பார்ப்பேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அவனைப் படுக்கப் போட்டு ஊட்டாதே, புரையேறிவிடும். மடியில் சாய்த்து உட்கார வைத்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டு. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

பிளாரன்ஸ்