மேல் கட்டில்

மச்சானுக்கு ஸலாம்.

துபாய் திரும்பும் பைரோஸ் அண்ணன் இதை உங்கள் கையில் தருவார். மீமிசலில் எல்லோரும் சுகம்.

போன வாரம் எங்கள் யுனிவர்சிட்டிக்கு வெளியூர் ஓவியர் அம்மா ஒருவர் வந்திருந்தார். நான் படிக்கும் எம்.எஃப்.ஏ. ஓவிய ஸ்டுடியோவில் ஒவ்வொருவர் படத்தின் முன்னாலும் நின்று பேசினார். நான் உங்கள் படங்களைத்தான் மாட்டியிருந்தேன். வீடியோ காலில் போனை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பேசுவீர்களே, அப்படியே வரைந்தவை.

உங்கள் முகத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டி, "மேல் கட்டில்ல யாரும்மா?" என்றார்.

"அது சீலிங்குங்க மேடம். அவங்க தனி ரூமுல இருக்காங்க."

"சீலிங்கிலேருந்து போர்வை தொங்குமா?"

ஓரத்தில் கட்டம் போட்ட போர்வை நுனி ஒன்று தொங்கியது. நானே பார்த்து வரைந்ததுதான்.

இந்த மேற்படிப்பில் சேர நான் தயங்கியபோது, "எனக்குத் தனி ரூம் குடுத்துட்டாங்க, சம்பளமும் கூடிருச்சு, நீ தைரியமா சேரு" என்றீர்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. படிப்பையும் விடமாட்டேன்.

அடுத்த முறை போனைக் கொஞ்சம் மேலே திருப்பிக் காட்டுங்கள். அங்கே படுத்திருப்பவரையும் வரைய வேண்டும். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். அவர் காதில் விழுந்தால் உங்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்றுதான் எழுதினேன்.

உங்கள் வீட்டுக்காரி