வீட்டுக்கு விட்ட காது

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே பத்திரிகை ஆசிரியர் போன். 'ஏழாம் சுரங்கம்' கேமுக்கு விமர்சனம் வேண்டுமாம், ஒரு வாரத்தில்.

"எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க. அதான் உங்ககிட்ட குடுக்கறேன்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். பதினான்கு வருடமாக கேம் விமர்சனம் எழுதி நான் சம்பாதித்த பட்டம் 'எட்டிக்காய்'. வாசகர்கள் வைத்தது. ஊர் கொண்டாடினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. ரெண்டு காதுலயும் ஹெட்போன் மாட்டி ஆடுங்க. உங்க ஒத்தக் காது வழக்கம் இதுல செல்லாது."

ஒத்தக் காது வழக்கம் கல்யாணமான முதல் வருடம் என் மனைவியோடு செய்துகொண்ட ஒப்பந்தம். வலது காது கேமுக்கு, இடது காது வீட்டுக்கு. ஹெட்போனை வலது காதில் மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கச் சத்தமும் அதிலேயே வரும்படி கணினியில் மாற்றிவிடுவேன். இடது காதைத் திறந்து விட்டுவிடுவேன், அவள் பேசினால் கேட்க. மேஜைக்கு இடது பக்கம்தான் சோபா. அவள் அங்கே உட்கார்ந்து பேசுவாள்.

ஒன்பது வருடம் ஒரு நாள் தவறாமல் காப்பாற்றினேன். எந்தப் புருஷன் செய்வான்? அப்படியும் ஏழு மாதம் முன்பு சொல்லாமல் கொள்ளாமல் அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இரண்டு முறை போனில் பேசினோம். இரண்டு முறையும் அவளுடைய சான்றிதழ்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதைப் பற்றி.

சரி. இனி யார் கூப்பிடப் போகிறார்கள்? இரண்டு காதையும் மூடலாம்.

மார்ச் 4, செவ்வாய்

செத்தது பதினேழு முறை. இரண்டாவது சுரங்கத்தின் மூன்றாவது திருப்பத்தைத் தாண்டவில்லை.

மார்ச் 6, வியாழன்

கதை இவ்வளவுதான். மூடிப்போன ஒரு சுரங்கத்துக்குள் லிப்டில் இறங்குகிறோம். கையில் துப்பாக்கி, பத்தே குண்டு. இருட்டு. உள்ளே ஒரு ஜந்து ஒரு காலை இழுத்து இழுத்து வருகிறது. ஆடுகிறவர்கள் அதற்கு 'இழுவை' என்று பேர் வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் வருகிறது என்று காதால் கேட்டுத் திரும்பிச் சுட வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தபோது சுட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

இதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். 'காதுக்குள் பயத்தை ஊற்றுகிறது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு எதையும் ஊற்றவில்லை. வலது பக்கம் வந்தால் கேட்கிறது, நன்றாகவே இருக்கிறது. இடது பக்கம் வந்தால் துளிச் சத்தமில்லை. திடீரென்று கழுத்தில் பல். இது அழுகுணி ஆட்டம்.

போதாததற்கு, பாதிக்கு மேல் கையில் பெரிய துப்பாக்கியைக் கொடுத்துவிடுகிறார்கள். மாமூல் 'டமால் டுமீல்'. பாதியில் கொட்டாவி வந்தது.

ஆட்டத்தை நிறுத்தி ஹெட்போனைக் கழற்றினேன். வீடு அப்படியே இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் ஒரு டம்ளர், ஒரு தட்டு. இந்த வீட்டைவிடவா அந்தச் சுரங்கம் பயம்?

மார்ச் 8, சனி

எதற்கும் ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று பரணில் கிடந்த பழைய ஹெட்போனை எடுத்து மாட்டி ஆடினேன். அதே கதை. இடது பக்கம் ஊமை. இரண்டு ஹெட்போனும் சேர்ந்து கெடாது. ஆகவே குற்றம் கேமில்தான்.

பார்சல் கொண்டுவந்தவரிடம் தேவையில்லாமல் ஐந்து நிமிடம் பேசினேன். அவர் பாவம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

மார்ச் 10, திங்கள்

விமர்சனம் போய்விட்டது. பத்துக்கு நாலு. 'இடது பக்கத்துக்குச் சத்தம் வைக்கவே மறந்துவிட்டார்கள். மறதியைப் பயம் என்று பேர் சூட்டி விற்கிறார்கள்' என்ற வரி எனக்கே பிடித்திருந்தது.

"நிச்சயமாத்தானே?" என்று ஆசிரியர் கேட்டார்.

"பதினாலு வருஷத்துல எப்பவாவது நிச்சயம் இல்லாம குடுத்திருக்கேனா?"

மார்ச் 12, புதன்

வசவு மழை. அறுநூறு கமென்ட். 'எட்டிக்காய்க்கு வயசாயிடுச்சு', 'ஆடாமலே எழுதியிருக்காரு', இப்படி. ஒருவர் மட்டும் நிதானமாக எழுதியிருக்கிறார்: 'இவருக்கு இந்த கேமைக் கொடுத்தது செவிடன் காதில் ஊதிய சங்கு.' சிரித்துவிட்டேன். தனியாகச் சிரித்தால் சத்தம் என்னவோபோல இருக்கிறது.

அவள் இருந்தால் சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொரு வசவையும் ஒவ்வொரு குரலில் வாசித்துக் காட்டுவாள். எனக்குக் கோபமெல்லாம் போய்விடும். கடைசி சில வருடங்களாக அப்படி வாசிப்பதை விட்டுவிட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கேமுக்குச் சத்தம் அமைத்தவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். திட்டுவார் என்று நினைத்துத்தான் திறந்தேன்.

'ஐயா, இடது பக்கக் காலடியை மட்டும் பதினொரு மாதம் உட்கார்ந்து செய்தேன். அது இல்லை என்று நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரே ஒரு உதவி. ஹெட்போனைத் திருப்பி மாட்டி, இரண்டாவது சுரங்கத்தின் மூன்றாவது திருப்பத்தில் நின்று பாருங்கள். அப்போதும் இடது பக்கம் கேட்காவிட்டால் கேமில் கோளாறு, நான் பகிரங்கமாக ஒப்புக்கொள்கிறேன்.'

கேட்டால்? அதை அவர் எழுதவில்லை.

மார்ச் 15, சனி

பல் தேய்க்கும் முன்பே உட்கார்ந்துவிட்டேன். ஹெட்போனைத் திருப்பினேன். இடதுக்கான கப் வலது காதில், வலதுக்கானது இடது காதில். மூன்றாவது திருப்பத்தில் நின்றேன்.

வந்தது. இடது பக்கச் சுரங்கத்திலிருந்து. முதலில் சரளைக்கல் நகரும் சத்தம். பிறகு இழுபடும் கால். அதற்கும் அடியில், ஈரத் துணியைப் பிழிவதுபோல ஒரு மூச்சு. என் முதுகெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. எத்தனை அழகான வேலை. ஒரு நிமிடம் சின்னப் பையன்போலச் சந்தோஷமாக இருந்தேன். திரும்பினேன், சுட்டேன், விழுந்தது. அடுத்தது வலது பக்கத்திலிருந்து சத்தமே இல்லாமல் வந்து என்னைக் கொன்றது.

இத்தனை நாளில் வலது பக்கத்திலிருந்து வந்ததிடம் நான் செத்தது இதுதான் முதல் தடவை.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். வலது காதருகே விரல்களைத் தேய்த்தேன். கேட்டது. இடது காதருகே தேய்த்தேன். சொடக்குப் போட்டேன். மறுபடி போட்டேன் —

என்னடா இது. எவ்வளவு நாளா இப்படி? யாரைக் கேக்கறது? கேக்கறதுக்கு வீட்டுல ஆள் இருந்தாத்தானே.

மார்ச் 18, செவ்வாய்

காது டாக்டர். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வலது காதுக்கு வரிசையாக வந்தது, அமுக்கினேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பரிசோதிக்கும் பெண் கதவைத் திறந்தாள்.

"இடது காதுக்கு எப்போம்மா போடுவீங்க?"

"போட்டு முடிச்சிட்டோம் சார்."

நரம்பு பழுதாம். டாக்டரம்மா தாளைக் காட்டி விளக்கினார். "கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கு. அஞ்சாறு வருஷமாவது இருக்கும். வலது காது நல்லா இருக்கறதால நீங்க சமாளிச்சிருக்கீங்க. எங்கயோ மங்கலா ஏதோ கேக்குங்கற அளவுதான் மிச்சம். வீட்டுல யாரும் சொல்லலையா?"

சொன்னாள். பலமுறை சொன்னாள். "உங்களுக்குக் காது கேக்குதா இல்லையா?" நான் அதைச் சண்டை என்று எடுத்துக்கொண்டேன். "கேக்குது, ஊருக்கே கேக்குது, மெதுவா பேசு" என்றேன். அதற்குப் பிறகு அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

மார்ச் 19, புதன்

ஆக, இத்தனை வருடம் வீட்டுக்கென்று நான் விட்டு வைத்தது செத்த காதை. அந்த வசவுகளை வாசித்துக் காட்டுவதை அவள் நிறுத்தவே இல்லையோ?

மார்ச் 22, சனி

முதலிலிருந்து ஆடினேன். கணினியில் பழையபடி இரண்டு சத்தத்தையும் ஒரே காதுக்குக் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் அப்போது எந்தப் பக்கம் என்பது தெரியாமல் போய்விடும், அந்த கேமில் அதுதான் எல்லாமே. அதனால் வேறு வழி பிடித்தேன். நாலு அடிக்கு ஒரு தடவை நின்று, முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பது. வலது காது எல்லாத் திசைக்கும் ஒரு தடவை போய்வர வேண்டும். பயமாக இருக்கிற பக்கத்துக்கு நானே போய்க் காதைக் கொடுக்க வேண்டும்.

நிஜமாகவே பயந்தேன். ஒருமுறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், நாற்பத்துநாலு வயசு ஆள்.

புகழ்ச்சிக்குத் தகுதியா? முன்பாதிக்கு, உண்டு. சொன்னதற்கு மேலேயே உண்டு. பின்பாதியில் பெரிய துப்பாக்கி வந்ததும் யாரும் காதைத் தீட்டுவதில்லை, பயமும் போய்விடுகிறது. அதைச் சொல்லாமல் ஊரே தலையில் வைத்து ஆடுவது பஜனைதான்.

மார்ச் 24, திங்கள்

திருத்தம் எழுதி அனுப்பினேன். பத்துக்கு எட்டு. இரண்டு குறைத்தது பின்பாதிக்கு. காரணத்தையும் மறைக்காமல் எழுதினேன்: என் இடது காது கேட்காது, அது எனக்கே தெரியாது, தெரியாமல் ஒருவருடைய பதினொரு மாத உழைப்பை இல்லை என்று எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

"இதைப் போட்டா இனி உங்க பேச்சை யார் நம்புவாங்க?" என்று ஆசிரியர் கேட்டார்.

"நம்ப வேண்டாம். போடுங்க."

எட்டிக்காய் உதிர்ந்தது. பரவாயில்லை. பயமாகத்தான் இருக்கிறது, வேறு தொழில் எனக்குத் தெரியாது. ஆனாலும் போடட்டும்.

மார்ச் 27, வியாழன்

அவள் போன் செய்தாள்.

"படிச்சேன்" என்றாள். நலம்கூட விசாரிக்கவில்லை. "இடது காது கேக்காதுன்னு எழுதியிருக்கீங்க. நிஜமாவா, இல்ல எழுத்துக்காகவா?"

"நிஜம்தான்."

"எத்தன வருஷமா?"

"அஞ்சாறுன்னு டாக்டர் சொல்றாங்க."

போன் வலது காதில்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"அப்போ சோபாவுல உக்காந்து நான் பேசினதெல்லாம்?"

"தெரியல. கொஞ்சம் விழும். பாதி விழாது."

"விழாதப்பல்லாம் 'ம்' போட்டீங்களே."

"நீ பேசறது தெரியும், என்னன்னு தெரியாது. திருப்பிக் கேட்டா கவனிக்கலன்னு சண்டை வரும். அதான் 'ம்'..."

"அன்னிக்கு சாயங்காலம் கேட்டேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி தட்டையாக இருந்தது. "'இங்க இருந்து என்ன பண்றது, நான் அக்கா வீட்டுக்கே போயிடட்டுமா'ன்னு கேட்டேன். 'ம்'னீங்க. சந்தேகமா இருந்துச்சு, மறுபடியும் கேட்டேன். அதுக்கும் 'ம்'. அப்புறம்தான் பெட்டிய எடுத்தேன்."

சொல்லாமல் கொள்ளாமல் போனாள் என்று இந்த நோட்டில் எத்தனை முறை எழுதியிருப்பேன்.

"எனக்குக் கேக்கலம்மா. சத்தியமா கேக்கல."

"காது கேக்கல, சரி. கண்ணு இருந்துச்சுல்ல? ஒரு தடவ இந்தப் பக்கம் திரும்பியிருந்தா என் மூஞ்சியே சொல்லியிருக்கும்."

வெகுநேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. பிறகு அவள், "சர்டிபிகேட் எடுக்க ஒரு ஞாயித்துக்கிழம வரேன்" என்று சொல்லி வைத்தாள்.

மார்ச் 28, வெள்ளி

இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். நான் இரண்டு தடவையும் போ என்றிருக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

மேஜையை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். தனி ஆளாக இழுத்ததில் தரையெல்லாம் கோடு. இப்போது சோபா எனக்கு வலது பக்கம்.

சத்தம் அமைத்தவர் பதில் போட்டிருக்கிறார்: 'அடுத்த கேமில் ஒத்தைக் காதுக்காரர்களுக்கும் ஒரு வழி வைக்கிறோம். முதலில் நீங்கள்தான் ஆடிப் பார்க்க வேண்டும்.'

ஏப்ரல் 6, ஞாயிறு

பதினொரு மணிக்கு வந்தாள். கையில் பை மட்டும். கொண்டுபோன பெட்டி வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்.

உள்ளே வந்ததும் தரையில் இருந்த கோட்டைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். "எடம் மாறியிருக்கு" என்றாள். "ஆமா" என்றேன்.

சோபாவில் உட்கார்ந்தாள். நான் திரையை அணைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டேன். அக்கா வீட்டைப் பற்றி, சேர்ந்திருக்கும் புது வேலையைப் பற்றி, வேலையிடத்தில் எல்லோர் சாப்பாட்டு டப்பாவையும் திறந்து பார்க்கும் ஒரு மேலாளரைப் பற்றிச் சொன்னாள். மேலாளரின் குரலைச் செய்து காட்டினாள். மூன்று இடத்தில் எனக்குப் புரியவில்லை. மூன்று தடவையும் திருப்பிக் கேட்டேன். முதல் தடவை முகத்தைச் சுளித்தாள். மூன்றாவது தடவை சுளிக்கவில்லை. டாக்டர் காது மெஷின் வைத்துப் பார்க்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருப்பதை நானும் சொன்னேன்.

சான்றிதழ்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வருவதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வாசலில் நின்றேன். மூன்று படி இறங்கியவள் தலையைத் திருப்பாமல் ஏதோ சொன்னாள். கீழே தெருவில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. 'ம்' தொண்டைவரை வந்துவிட்டது.

"என்ன சொன்ன? கேக்கல."

நின்றாள். இறங்கிய மூன்று படியையும் ஏறி வந்து, என் வலது பக்கம் நின்றுகொண்டு சொன்னாள்.

"வியாழக்கிழம நானும் வரேன்னு சொன்னேன்."