அழகான கிழவன்

அக்ரிஜெந்தோ,
14 மார்ச் 1974

அன்புள்ள நூன்சியோவுக்கு,

ஜாச்சிந்தா எழுதுகிறேன். நான் நலம், தையல் ஆறி வருகிறது. நம் மகன் பிறந்து இன்றோடு ஒன்பது நாள். தந்தி உனக்குக் கிடைத்ததா, கிடைத்தும் தொழிற்சாலையில் விடுப்புத் தரவில்லையா, ஒன்றும் தெரியவில்லை. ஜெர்மனிப் பேருந்து ஓட்டும் ரொசாலினோ இன்று மாலை கிளம்புகிறார். உன் விடுதிக்கே வந்து கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனை நடையில் முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

பையன் இரண்டு மாதம் முந்திக்கொண்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நெற்றி முழுக்கச் சுருக்கம். காது உன்னுடையது. கையை நன்றாகக் கழுவிக்கொண்டு போனால் ஒரு விரலால் தொட விடுகிறார்கள்.

பெயர் விஷயமாக நீ என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாய். முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயர்தான் என்பதில் நம் ஊரில் யாருக்கும் மறுபேச்சுக் கிடையாது. ஆனால் ஊரே பார்க்க உன்னைக் கன்னத்தில் அறைந்த மனிதரின் பெயரை வாயால் கூப்பிடவே மாட்டேன் என்றாய். எனக்கும் கலோஜெரோ என்ற அந்தப் பெயர் பிடிக்கவில்லை. "சதுக்கத்துல நின்னு கலோஜெரோன்னு கூப்பிட்டுப் பாரு. பாதி ஆம்பளைங்க திரும்புவாங்க, மீதிப் பேருக்குக் காது கேக்காது" என்று நீ சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கிரேக்கத்தில் அதற்கு அழகான கிழவன் என்று பொருள் என அகராதி பார்த்துச் சொன்னேன். "பொறக்கும்போதே கிழவனா?" என்றாய். சூரியன் என்று பொருள்படும் எலியோவை இருவரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தோம்.

இரண்டாம் நாள் காலை அவனுக்கு மூச்சு நின்றது. நர்ஸ் வேலை பார்க்கும் கன்னியாஸ்திரி தண்ணீர்க் கிண்ணத்தோடு ஓடி வந்தார். ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடக்கூடாதாம். "பேரு என்ன? சீக்கிரம் சொல்லும்மா" என்றார். உன் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அவர் பேரை இதுக்கு வச்சிடாத மகளே. இது நிக்காது. சல்வத்தோரேன்னு சொல்லிடு, இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு அதான் வைக்கிறது. உன் மாமனார் பேரை அடுத்தவனுக்கு எடுத்து வை."

ஆறு மாதமாக அந்தப் பெயருக்காக என்னோடு மல்லுக்கு நின்றவர் அவர். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதே. அழுதுகொண்டேதான் சொன்னார். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவர். ஆனாலும் அந்த நொடியில், இவனை எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள் என்பது எனக்குப் புரிந்துபோனது.

என் வாயிலிருந்து கலோஜெரோ என்றுதான் வந்தது.

உன் அப்பாவை நான் நினைக்கவே இல்லை. பல் எல்லாம் போய், சூப்பில் உப்பில்லை என்று மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிழவனைத்தான் நினைத்தேன். எலியோ, பிழைப்பது உறுதியான பிள்ளைக்கு ஆசையாக வைக்கும் பெயர். இவனுக்கு ஆசைப் பெயர் போதாது. எழுபது, எண்பது வருடத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குகிற பெயர் வேண்டும். அப்படி ஒன்றைத்தான் இத்தனை தலைமுறையாகச் சலிக்காமல் வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

மறுநாள் உன் அப்பா வந்தார். கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். "என் பேரை வச்சிட்டியாமே. அப்போ இவனும் என்னை மாதிரி பிடிவாதக்காரனாத்தான் இருப்பான்" என்றார். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் போகும்போது ரொசாலினோவின் வீட்டு முகவரியை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

இன்று காலையில் மட்டும் இரண்டு தடவை மூச்சு நின்றது. அப்போதெல்லாம் அவன் உள்ளங்காலைச் சுண்டுகிறார்கள். சுண்டினால் நினைவு வந்ததுபோல மறுபடி மூச்சை இழுக்கிறான். டாக்டரிடம் கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். நேற்றும் அதையேதான் சொன்னார், ஆனால் நேற்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

நாளை பத்தாம் நாள். நகராட்சியில் பிறப்பைப் பதிய அதுதான் கடைசி. தாயின் கையெழுத்து போதுமாம். போட்டுவிடப் போகிறேன். இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது எல்லாம் எழுதி முடிந்திருக்கும். சத்தியத்தை மீறியது நான். அவனுக்கு அதில் பங்கில்லை.

என்மேல் கோபப்படு. அங்கிருந்து கோபப்படாதே, இங்கே வந்து கோபப்படு. அதே பேருந்து சனிக்கிழமை திரும்புகிறது. ரொசாலினோவிடம் உனக்கு ஓர் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயரை நீ கூப்பிட வேண்டாம். உன் விரலை அந்த உள்ளங்காலில் வை, அது போதும். அவன் மூச்சு விடும்போதே வந்துவிடு.

இன்னும் உன்னுடையவளான,
ஜாச்சிந்தா