முன்னால் நிற்கும் சின்னச் சொல்

ராகலை
18.8.1962

அன்பு மகள் பூரணிக்கு அப்பா எழுதுவது. மதுரையில் நீ நலமாயிருக்க முருகன் துணை. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. மழை விடவில்லை, தேயிலை ஸ்டோரில் வேலை குறையவில்லை, எனக்கும் உடம்பு அலுத்துவிட்டது. அதை விடு, அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

போன கடிதத்தில் உன் நர்ஸ் படிப்பைப் பற்றி எழுதியிருந்தாயே, வியாதிப் பெயர்களுக்கு முன்னால் கிரேக்கர்களுடைய சின்னச் சின்னச் சொற்கள் நிற்கின்றன, ஹைப்பர் என்றால் அதிகம், ஹைப்போ என்றால் குறைவு, ஹெமி என்றால் பாதி என்று. வழக்கம்போல லயத்து வீடுகளில் எல்லாரும் கேட்கச் சத்தமாக வாசித்தேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வரியில் அனீமியா வந்தது. முன்னால் நிற்கும் அன் என்றால் இல்லை, பின்னால் வருவது ரத்தம் என்று எழுதியிருந்தாய். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் செல்லசாமி அம்மாவின் மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் அதே அனீமியாதான். அவள் முகம் செத்துப்போயிற்று. அப்ப எனக்கு ரத்தமே இல்லையாங்க என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு மலையில் கொழுந்து பறிக்கும்போது இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டாள். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முதலில் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் புது ரத்தம் ஏற்ற முடியும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவள் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இல்லாத எடத்துல எதை எடுக்கப் போறாங்க என்கிறாள். அது வெறும் பேருதாம்மா, கொறஞ்சிருக்குன்னுதான் அர்த்தம் என்று செல்லசாமி வீட்டுக்கே வந்து சொல்லிப் பார்த்தார். எம் மக படிச்சவ, அவ பொய் எழுத மாட்டா என்று அவரையும் அனுப்பிவிட்டாள். நான் கெஞ்சியும் பார்த்தேன், சத்தம் போட்டும் பார்த்தேன். இனி என்னால் முடியாது மகளே.

நீ படித்தது சரியாகத்தான் இருக்கும், கிரேக்கர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனாலும் அன் என்றால் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் என்று அம்மா பேருக்கே ஒரு கடிதம் போடு. உன் எழுத்தைத் தவிர வேறு யார் பேச்சையும் அவள் நம்ப மாட்டாள். வா என்று எழுத மனசு துடிக்கிறது. பரீட்சை நேரம், விசாவும் லேசில் கிடைக்காது, அதனால் எழுதவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டியூட்டி முடிந்தால் தூங்கு. கடிதத்தை மட்டும் நாள் கடத்தாதே. கதிரேச முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான்.

அம்மா உனக்கு ஒரு வார்த்தை எழுதச் சொன்னாள், அப்படியே எழுதுகிறேன். ரத்தம் எடுத்தே ஆகணும்னா பூரணி வந்து எடுக்கட்டும். அது வரைக்கும் இருக்கிற கொஞ்சத்த வேற யாருக்கும் குடுக்க மாட்டேன், அவளுக்கு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவசாமி