மேலக்கிணற்றுக் கடல்

அக்கா,

பேத்தி காலி பாட்டில் கேட்டாள். பரணில் கையை விட்டுத் துழாவியபோது உன்னுடைய சர்பத் பாட்டில் அகப்பட்டது. வாயில் அடைத்திருந்த துணி மக்கிப்போய், தொட்டதும் உதிர்ந்தது. உள்ளே தண்ணீர் இல்லை. அடியில் மட்டும் வட்டமாக வெள்ளை படிந்திருந்தது. விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை விட்டுச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. நீயாக இருந்தால் இன்னொன்றையும் சொல்லியிருப்பாய்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் எல்லாரும் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போகிறோம். ஒரே நாள்தான், விடியக் கிளம்பி பொழுது சாயத் திரும்புவது. எல்லாம் இந்தப் பேத்தியின், என் பெரியவன் மகளின் ஏற்பாடு. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். வேன் எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்த ஊரில் நிறுத்திக் காப்பி குடிப்பது, யார் யாருக்கு மாற்றுத் துணி என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. என் ரத்தம் அல்லவா. இந்த வீட்டில் முதல் முதலாகக் கடற்கரைக்குப் பட்டியல் போட்டவள் நான்.

அந்தப் பட்டியல் உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஊருக்குள் முதல் டிவி வந்த வருசம் அது. பேத்தி அப்போது கைக்குழந்தை. மிளகாய் வத்தல் லோடு ஏற்றிப் போகிற நம் டிரைவர்தான் ஆசையைக் கிளப்பிவிட்டான். நம் ஆட்கள் அதுவரை அறிந்ததெல்லாம் மீன் நாறும் கண்மாய்க் கரைகள், காலையில் ஒதுங்கப் போகிற கரைகள். அவன் தூத்துக்குடிக் கடற்கரையை வேறு மாதிரி சொன்னான். “துறைமுகத்துக்குப் போற வழியில இருக்கு மதினி. டவுனு ஆளுக சாயங்காலம் காத்து வாங்க வாரது. ஒரு குப்பை கெடக்காது. எவனாச்சும் ஒதுங்கக் குந்துனா போலீஸு வெரட்டிப்புடும்.” எல்லாரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்கவில்லை. ஆட்டுக்குக் கொழை கட்டிக்கொண்டிருந்தவள், கையை நிறுத்திவிட்டுக் கேட்டாய்.

“அம்புட்டுத் தண்ணியையும் யாரு எறைக்கிறது?”

“கடலை யாரும் எறைக்கிறதில்ல, பெரிய மதினி. அது பாட்டுக்குக் கெடக்கும்.”

“யாரும் எறைக்காத தண்ணியா? அதை ஒரு தடவை பாத்துப்புடணும்டா.”

உன் வீட்டுக்காரர், எங்கள் பெரியவுக போய்ச் சேர்ந்து, பிள்ளையும் இல்லாமல், எங்கள் வீட்டிலேயே ஆட்டோடும் குடத்தோடும் காலம் தள்ளிய நீ, உனக்கென்று கேட்டது அந்த ஒன்றைத்தான். ஒரு சேலை கேட்டதில்லை. வாய்க்கு ருசியாக ஒரு பண்டம் கேட்டதில்லை. எனக்கு அது அன்றைக்கே நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

உனக்கு எழுத்துத் தெரியாது. தண்ணீர் தெரியும். ஒரு மடக்கு குடித்துவிட்டு, இது வடக்கு ஊருணி, இது மேலக்கிணறு, இது நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய் என்று சொல்வாய். நான் இந்த வீட்டுக்கு வாழ வந்து எட்டாம் நாள், ஊருணி வரைக்கும் நடக்கச் சலித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த மேலக்கிணற்றில் மொண்டு வந்து ஊருணித் தண்ணீர் என்று வைத்தேன். நீ ஒரு வாய் குடித்தாய். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி அத்தனை பேர் முன்னாலும் சொன்னாய். “அஞ்சாப்புப் படிச்ச புள்ள, பொய்யையும் படிச்சிட்டு வந்திருக்கு. இது மேலக்கெணறு.” சிரிப்பு அடங்க வெகுநேரமானது. நீ அதை அன்றோடு மறந்துவிட்டாய். நான் இருபத்தைந்து வருசம் வைத்திருந்தேன்.

வேனில் பதினெட்டுப் பேர் என்று முடிவானதும் பென்சிலும் தாளும் என் கைக்கு வந்தன. வீட்டுப் பொம்பளைகளில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அஞ்சாவதோடு நிறுத்திவிட்டார்கள், இல்லாவிட்டால் நான் எங்கேயோ இருந்திருப்பேன் என்று சொல்லிக்கொள்வேனே, அந்தத் திமிரோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதினேன். விருதுநகரிலிருந்து என் தங்கச்சி வருவதாகக் கடிதம் போட்டிருந்தாள். கடைக்காரர் வீட்டு மருமகள், பட்டுச் சேலைக்காரி. அவள் பக்கத்தில் நீ உட்கார்ந்தால்? ஆட்டு வாடையும், பாளம் பாளமாக வெடித்த காலும், ஊருக்கே கேட்கிற சத்தமும். பதினெட்டில் நீ அடங்கவில்லை. அடக்க நான் நினைக்கவும் இல்லை.

நீ வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாய்.

“எம் பேரு எங்கனடி இருக்கு?”

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. உன் ஆள்காட்டி விரலைப் பிடித்து, தங்கச்சி ராஜராஜேஸ்வரியின் பேர் மேல் வைத்தேன். “இந்தா இருக்குக்கா.”

உன் பேர் மூன்றே எழுத்து. நீ அந்த ஏழு எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தாய். முகமெல்லாம் சிரிப்பு. “எம் பேரு இம்புட்டு நீளமாடி?” என்றாய். அதை அடுப்படியில் தங்கச்சியிடம் சொல்லி நான் எத்தனை தடவை சிரித்திருக்கிறேன் தெரியுமா.

அதற்குப் பிறகு இருந்த பத்து நாளும் நீதான் எல்லா வேலையும் செய்தாய். என்ன சோறு கொண்டுபோவது என்று வீட்டில் பெரிய பேச்சு. தயிர்ச்சோறு வெயிலில் புளித்துவிடும், புளிச்சோறுதான் தாங்கும் என்று நீ சொன்னதுதான் நின்றது. குடிதண்ணீருக்கு இரண்டு குடம், வாயில் துணியால் வேடு கட்டி. “கடலுக்குத் தண்ணி கொண்டு போறவுக நம்மதான்” என்று என் வீட்டுக்காரர் கேலி பண்ணினார். நீ விடவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் நம் தண்ணீர் நம்மோடு வர வேண்டும் என்றாய்.

நான் இன்னொரு வார்த்தையும் சொன்னேன். “சுத்தமான எடம்க்கா அது. இந்தக் காலோட மிதிச்சா மண்ணு அழுக்காயிரும்.” விளையாட்டுப் போலத்தான் சொன்னேன், விளையாட்டில்லை. மறுநாளிலிருந்து நீ கிணற்றடியில் உட்கார்ந்து செங்கல் துண்டால் குதிகாலைத் தேய்த்தாய். வெடிப்பு பிளந்து ரத்தம் வந்தது. மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடியும் தேய்த்தாய். நான் துணி துவைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்புகிற அன்றைக்கு விடியுமுன்னே பதினெட்டுப் பேருக்கும் புளிச்சோறு கிளறி, இலையில் கட்டி, கூடையில் அடுக்கி வைத்துவிட்டாய். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாய். பெரியவுக இருந்த காலத்தில் எடுத்த சேலையை மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தாய். வேன் வந்து நின்றது. நான் தாளைப் பிரித்து, வாத்தியார் மாதிரி ஒவ்வொரு பேராகச் சத்தமாக வாசித்தேன். ஒவ்வொருவராக ஏறினார்கள். நீ கூடையைப் பிடித்துக்கொண்டு உன் பேர் வருமென்று நின்றாய். பதினெட்டும் முடிந்தது. தாளை மடித்தேன்.

“எம் பேரு விட்டுப்போச்சேடி.”

“ஆட்டை யாருக்கா பாக்குறது?”

மூன்றே வார்த்தை, அக்கா. உன் முகத்தில் என்ன வந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் இருந்தது. பார்த்தேன். நீ அழவில்லை. சண்டைக்கும் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும். கூடையைத் தூக்கி வேனுக்குள் வைத்தாய். “அடில தொவையல் இருக்கு. மேல உள்ளதை மொதல்ல எடுங்க, நசுங்கிரும்” என்றாய். வேனுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர், “மதினி ஏறலையா?” என்று கேட்டார். “அக்காவுக்குக் காலு வலியாம்” என்றேன். செங்கல்லில் தேய்த்துப் புண்ணாகிய காலைப் பார்த்தவர்தானே, நம்பிவிட்டார்.

டிரைவர் வண்டியைக் கிளப்பும்போது நீ உள்ளே ஓடினாய். ஓடி வந்து இந்தப் பாட்டிலை சன்னல் வழியாக என் மடியில் போட்டாய். “ஒரு பாட்டிலு மொண்டுட்டு வாடி. நான் இங்கனயே பாத்துக்கிறேன்.”

கடலைப் பற்றி உனக்கு நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். எட்டயபுரம் தாண்டி, ஊர் நெருங்கும்போது உப்பளங்களில் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் கிடந்தது. பிறகு கடல். டிரைவர் சொன்னது பொய்யில்லை. மணல் சலித்துக் கொட்டியது போல இருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு டவுனுப் பொம்பளைகள் நடந்தார்கள். அவர்கள் முன்னால், பட்டுச் சேலைத் தங்கச்சி முன்னால், சேலையைத் தூக்கிச் செருகிக் குந்தி, சர்பத் பாட்டிலில் தண்ணீர் மொள்ள எனக்குக் கூச்சம். “அவளுக்கு எதுக்குக்கா கடலு? ஆட்டுக்குக் காட்டவா?” என்றாள் தங்கச்சி. இருவரும் சிரித்தோம். பாட்டில் பையிலேயே கிடந்தது. உன் புளிச்சோறு நன்றாக இருந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் உனக்கு முன்னால் கொல்லைப்பக்கம் போனேன். மேலக்கிணற்றுத் தண்ணீர் தொட்டியில் நிறைந்திருந்தது. பாட்டிலை அமுக்கி மொண்டேன். உப்பு ஜாடியிலிருந்து இரண்டு கை அள்ளிப் போட்டுக் குலுக்கினேன். கடலைக் கண்டிராதவளுக்கு இது போதும் என்று நினைத்தேன்.

“இந்தாக்கா, கடலு.”

நீ உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தாய். கண்ணை மூடினாய். அதிக நேரம் மூடியிருந்தாய். பிறகு என்னைப் பார்த்து, “நல்லாத்தான் இருக்கு கடலு” என்றாய்.

நான் உள்ளே போய்த் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். ஏமாந்துவிட்டாய் என்று சிரித்தேன்.

அதை விளக்கு மாடத்தில் வைத்தாய். வெள்ளிக்கிழமை பாட்டிலுக்கும் பொட்டு வைத்தாய். பேத்திக்குப் பேச்சு வந்த வயதில் அதை அவள் காதில் வைத்துக் குலுக்கி, “அலை கேக்குதா?” என்பாய். அவளும் கேட்கிறது என்பாள். ஆட்டைப் பார்த்துக்கொண்டும், எங்களுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டும் பத்துப் பதினோரு வருசம் அதே வீட்டில் இருந்தாய். தூத்துக்குடிக்கு எத்தனையோ லோடு போனது. உன்னை யாரும் ஏற்றிவிடவில்லை. நீயும் கேட்கவில்லை.

நீ படுக்கையில் விழுந்து நாலாம் நாள். மத்தியான வெயில். வாயில் பால் ஊற்ற ஆட்கள் கூடிவிட்டார்கள். பால் வேண்டாம், அந்தப் பாட்டிலை எடு என்று மாடத்தைக் காட்டினாய். “கெழவி கடலைக் குடிச்சிட்டுப் போகப் போகுது” என்று யாரோ மூக்கைச் சிந்தினார்கள். நான்தான் ஸ்பூனில் ஊற்றினேன். நீ அதை விழுங்காமல் வாயில் வைத்திருந்தாய். பிறகு என்னைக் குனியச் சொன்னாய்.

“மேலக்கெணத்துல இப்பத் தண்ணி கெடக்காடி?”

நினைவு தப்பிவிட்டது என்றார்கள் சுற்றி நின்றவர்கள். அந்தக் கிணறு வற்றி அப்போதே ஆறு வருசம் ஆகியிருந்தது.

“இல்லக்கா. வத்திப்போச்சு.”

“அப்ப இதுதான் மிச்சம். நீயே வச்சுக்க.”

முதல் நாள், முதல் சொட்டிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டால் கிணறு மறைந்துவிடுமா உன் நாக்கிலிருந்து? எட்டாம் நாள் மருமகளாக என்னை எல்லார் முன்னாலும் காட்டிக்கொடுத்தவள், இந்தத் தடவை காட்டிக்கொடுக்கவில்லை. அத்தனை வருசமும் என் கண் முன்னாலேயே அதற்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாய். நான் உனக்குச் செய்ததை விடவும் அது கொடுமை, அக்கா. உன் காலில் விழ இதை எழுதவில்லை. விழுந்தும் எனக்குப் பழக்கமில்லை. நீ கணக்காகத் திருப்பிக் கொடுத்தாய் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. இந்தக் கடிதத்தை வரிக்கு மூன்று வார்த்தையாக, கொட்டைப்பாக்கு அளவு எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேத்தியின் பொடி எழுத்து எனக்குக் கறுப்புக் கோடாகத்தான் தெரிகிறது. முழங்காலும் மடங்குவதில்லை. நேற்று அடுப்படியில் மருமகள் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. “மணல்ல அத்தையை யாரு தூக்கிட்டு அலையிறது? வீட்டைப் பாத்துக்கவும் ஒரு ஆளு வேணும்ல.”

உன் பாட்டிலைக் கழுவவில்லை. சேலைக்குள் சுற்றிப் பைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வேனில் போனாலும், வீட்டில் இருந்தாலும் அது என்னோடுதான்.

இன்றைக்குக் காலையில் பேத்தி பட்டியலோடு வந்தாள். “அப்பத்தா, எல்லார் பேரும் எழுதியாச்சு.”

“எம் பேரு எங்கனடி இருக்கு?”

அவள் என் விரலைப் பிடித்துத் தாள் மேல் வைத்தாள். “இந்தா இருக்கு அப்பத்தா.”

என் பேர் நாலு எழுத்து. விரலுக்கு அடியில் கோடு போய்க்கொண்டே இருந்தது.

“எம் பேரு இம்புட்டு நீளமாடி?”

“போங்க அப்பத்தா” என்று சிரித்துக்கொண்டே தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.